தேன்மொழியின் விழா, முதல் பிரதி

12 மே 2025, திங்கள்

என் பேத்தி ஆதிரை பெரியவளான செய்தியை ஊருக்கு முறைப்படி அறிவிக்க ஜூன் எட்டாம் தேதி மண்டபம் பிடித்தாகிவிட்டது. செய்தி ஏற்கெனவே எல்லோருக்கும் தெரியும். தெரிந்த செய்தியை அறுநூறு பேருக்குச் சாப்பாடு போட்டுச் சொல்வதுதான் நாகரிகம்.

தாய்மாமன் என்ற பதவியில் இருக்கும் என் மகன் இளங்கோ இன்று காலை திட்டத்துடன் வந்தான். மேடைக்குப் பின்னால் பதினாறு அடி அகலத்துக்கு எல்.இ.டி. சுவர் வைக்கப் போகிறானாம்.

"அப்பா, அக்கா சடங்கு காசெட் பீரோல இருக்கும்ல? அத டிஜிட்டலா மாத்திக் குடுத்துருங்க. சுவத்துல ஒரு பக்கம் அக்கா, ஒரு பக்கம் ஆதிரை. 'அன்றும் இன்றும்'னு தலைப்பு. சனம் அசந்துரும்."

"அக்காட்ட கேட்டியா?"

"சர்ப்ரைஸ்ப்பா. அப்புறம் எதுக்குக் கேக்கறது?"

முப்பத்து நான்கு வருடம் சார்பதிவாளராக இருந்து ஊராரின் ஆவணங்களைக் காத்தவன் நான். சொந்த மகளின் ஆவணத்தை ஒரு வடிவத்திலிருந்து இன்னொரு வடிவத்துக்கு மாற்றுவது பெரிய காரியமா என்று ஒப்புக்கொண்டேன்.

காசெட் கிடைத்தது. உறையில் என் கையெழுத்து: 'செல்வி தேன்மொழி பூப்புனித நீராட்டு விழா, 22.5.1994, முதல் பிரதி.' மொத்தம் ஆறு பிரதிகள் எடுத்தோம். யார் யாருக்கு எந்தப் பிரதி என்ற பட்டியலும் உறைக்குள் இருக்கிறது. நான்கு உறவினர் வீடுகளுக்கு. ஆறாவது, அப்போது எங்கள் பகுதியில் கேபிள் நடத்திய கஜேந்திரனுக்கு. அவர் அதை ஒரு ஞாயிறு காலை பதினொரு மணிக்குத் தம் கேபிளில் ஒளிபரப்பினார். திண்டுக்கல்லில் எங்கள் தெருவிலிருந்து கேபிளில் வந்த முதல் குடும்பம் நாங்கள்தான். பெருமைக்காகச் சொல்லவில்லை, தகவலுக்காகச் சொல்கிறேன்.

14 மே, புதன்

பரணிலிருந்து வி.சி.ஆர். இறக்கப்பட்டது. மின்சாரம் கொடுத்ததும் ஒரு பெருமூச்சு விட்டது. பிறகு ஒன்றும் இல்லை.

முதலில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கும் ஸ்டுடியோவுக்குப் போனேன். வாசல் பலகையில் 'பழைய காசெட்டுகள் புதிய வடிவில்' என்று எழுதியிருக்கிறது. உள்ளே இருந்த இளைஞர் காசெட்டை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். ஒரு பக்கத்தைத் தட்டிப் பார்த்தார்.

"அங்கிள், இத பென் டிரைவ்ல போட்டுக் கொண்டாங்க. நாங்க மாத்தித் தர்றோம்."

"பென் டிரைவில் போட முடிந்தால் உங்களிடம் ஏன் வருகிறேன்?"

"அப்ப போர்டுல இருக்கறத நம்பியா வந்தீங்க?" என்று உண்மையான வியப்புடன் கேட்டார். நேர்மையான மனிதர்.

கடைசியில் ரயில்வே கேட் பக்கம் லூயிஸ் என்பவரைப் பிடித்தேன். வானொலிப் பெட்டியிலிருந்து மாவு அரைக்கும் இயந்திரம் வரை பழுது பார்க்கிறார். வீட்டுக்கே வந்து மூடியைக் கழற்றினார்.

"சார், பெல்ட்டு உருகிப்போச்சு. உள்ள ஒரு பல்லி செத்துக் கெடக்கு."

"எப்போது?"

"வெறும் எலும்புதான் சார் இருக்கு. நீங்க சர்வீஸ்ல இருந்தப்பவே செத்திருக்கும்."

பெல்ட்டுக்குப் பதில் ஏதோ ஒரு ரப்பர் வளையம் மாட்டினார். இயந்திரம் ஓடியது. பனையோலை முந்நூறு வருடம் தாங்கியது, கல்வெட்டு ஆயிரம் வருடம். மனித இனத்தின் ஆகப் புதிய கண்டுபிடிப்புக்கு முப்பது வருடத்தில் ஒரு பல்லி போதுமானதாக இருக்கிறது.

15 மே, வியாழன்

தேன்மொழி கோயம்புத்தூரிலிருந்து பேசினாள். கல்லூரியில் வேதியியல் நடத்துகிறாள். இளங்கோவின் சர்ப்ரைஸ் மூன்று நாள்கூடத் தாங்கவில்லை. அவன் மனைவி சொல்லிவிட்டாளாம்.

"அப்பா, அந்த மிஷின் ஓடுதா?"

"ஓடுகிறது."

"ஓடலேன்னா விட்டுருங்க. உங்களுக்கு எதுக்கு இந்த வயசுல இந்த வேல?"

"ஓடுகிறது என்கிறேன்."

"இல்லப்பா, நின்னுருச்சுன்னா விட்டுருங்கன்னு சொல்றேன்."

தகப்பன் உடம்பைப் பற்றி இவ்வளவு கவலைப்படும் பெண்கள் இந்தக் காலத்தில் குறைவு.

17 மே, சனி

வி.சி.ஆரிலிருந்து கணினியில் படத்தை ஏற்றுவதற்கு ஒரு யு.எஸ்.பி. குச்சி வாங்கினேன். விரல் நீளம். பெட்டியின் மேல் 'மூன்றே படிகள்' என்று போட்டிருக்கிறது. முதல் படி, கூடவே வரும் குறுந்தகட்டைக் கணினியில் போடுவது. என் கணினியில் குறுந்தகடு போடும் வாய் இல்லை. இப்போது எந்தக் கணினியிலும் இல்லை. பழையதைப் புதியதாக மாற்றும் கருவியை இயக்க இன்னொரு பழைய கருவி வேண்டும் என்பதைப் பெட்டியில் எழுத இடம் இல்லாமல் போயிருக்கும்.

வாடிக்கையாளர் சேவை எண்ணில் ஒரு பெண் நாற்பது நிமிடம் காக்கவைத்து, "சார், டி.வி.யை ஒருதடவ ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்றாள். இதில் டி.வி.யே இல்லை என்றேன். "அதான் சார் பிரச்சன" என்றாள்.

19 மே, திங்கள்

குறுந்தகட்டில் இருப்பதை இணையத்திலிருந்து இறக்கிப் போட்டதும் படம் வந்தது. கருப்பு வெள்ளையில். 1994இல் நாங்கள் எல்லோரும் வண்ணத்தில்தான் இருந்தோம் என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மூன்று மணி நேரத்துக்குப் பிறகு, குச்சி தன்னை அமெரிக்காவில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறது என்று தெரிந்தது. நம்மூர் ஒளிபரப்பு முறைக்கு மாற்றினேன். பச்சைப் பட்டுப் பாவாடை பச்சையாயிற்று.

20 மே, செவ்வாய்

மழை. மின்சாரம் இல்லை. காசெட்டில் பூஞ்சை. எனக்குச் சளி.

21 மே, புதன்

பூஞ்சைக் காசெட்டைத் தொட்டால் நுரையீரல் கெடும், உடனே தீயிட்டுக் கொளுத்த வேண்டும் என்று ஒரு கட்டுரையைத் தேன்மொழி வாட்ஸப்பில் அனுப்பியிருக்கிறாள். இரண்டாம் முறை பெரிய எழுத்திலும் அனுப்பியிருக்கிறாள். வேதியியல் படித்தவள், காரணம் இருக்கும். முகக்கவசம் போட்டுக்கொண்டு நாடாவை அடி அடியாகத் துடைத்தேன்.

24 மே, சனி

மாற்றும் பணி தொடங்கியது. இதில் குறுக்குவழி கிடையாது என்பதை எந்தப் பெட்டியும் சொல்வதில்லை. காசெட் இரண்டு மணி நாற்பத்தொரு நிமிடம் என்றால் மாற்றவும் இரண்டு மணி நாற்பத்தொரு நிமிடம். அதற்குள் இயந்திரம் பத்து முறை கலங்கும், படத்தில் கோடு விழும், குமிழைத் திருக வேண்டும். ஆகவே ஒருவன் கூடவே உட்கார்ந்து முழுவதையும் பார்த்தாக வேண்டும். இந்தக் காசெட்டை நான் இதற்குமுன் முழுதாகப் பார்த்ததில்லை. மற்றவர்களுக்குப் போட்டுக் காட்டியிருக்கிறேன்.

படமெடுத்தவரின் கலையுணர்வைப் பற்றி இரண்டு வரி. பெண்ணின் முகம் ஒரு ஆப்பிளுக்குள் தெரிகிறது. ஆப்பிள் சுழன்று இரண்டாகப் பிளக்கிறது. உள்ளே மறுபடி அவள் முகம். பிறகு தாமரைக்குள். பிறகு நான்கு மூலைகளில் நான்கு முகம், நடுவில் தாம்பாளத்தில் சீர்ப் பலகாரம். இது பதினோரு நிமிடம். பின்னணியில் ஒரு காதல் பாட்டு. பெண்ணுக்கு வயது பதின்மூன்று. யாருக்கும் அது விநோதமாகப் படவில்லை. எனக்கும்தான்.

ஒரு மணி பன்னிரண்டு நிமிடம் ஏற்றினேன். பெண் ஒரு இடத்திலும் சிரிக்கவில்லை. வெளிச்சம் போடத் தெரியாதவன், கண்ணில் அடித்திருக்கிறான்.

25 மே, ஞாயிறு

இன்று லூயிஸ் வந்திருந்தார், இயந்திரம் 'கீச்' என்று கத்துவதால். படம் ஓடிக்கொண்டே இருந்தது. மேடையில் நான் மைக்கைப் பிடித்து ஏதோ அறிவிக்கிறேன். என் வாய் அசைகிறது, பாட்டுத்தான் கேட்கிறது.

"மண்டபத்தில் பாட்டை இவ்வளவு சத்தமாகவா வைத்திருந்தோம்?" என்றேன்.

"மண்டபத்துல ஏது சார் பாட்டு? இதெல்லாம் அப்புறம் ஸ்டுடியோல ஏத்துறது. பேச்சச் சுத்தமா அழிச்சுட்டு மேல பாட்டப் போட்ருவாங்ய. சனம் பேசுறத எவன் கேப்பான்னு."

"அப்படியென்றால் அடியில் அந்தப் பேச்சு இருக்குமா?"

"இருக்காது சார். போனது போனதுதான்."

நான் என்ன அறிவித்தேன் என்பது எனக்கு நினைவிருக்கிறது. 'இன்றைய நிகழ்ச்சி விரைவில் நம் கேபிளில் ஒளிபரப்பாகும், அனைவரும் கண்டு வாழ்த்துங்கள்.' கைதட்டுகிறார்கள். மைக்கை வைத்துவிட்டுப் பெண்ணின் பக்கமாக நகர்கிறேன். அவள் தலையைத் தூக்கி என்னைப் பார்த்து என்னவோ சொல்கிறாள். இரண்டு முறை சொல்கிறாள். நான் படத்தைவிட்டு வெளியே போகிறேன். அடுத்து மறுபடி ஆப்பிள்.

அந்த இடத்தில் கோடு விழுகிறதா என்று சரிபார்க்க ஏழெட்டு முறை பின்னோக்கி ஓட்ட வேண்டியிருந்தது.

"கோடெல்லாம் ஒண்ணும் விழுகலையே சார்" என்றார் லூயிஸ்.

26 மே, திங்கள்

பூரணம் அடுப்படியில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். என் மனைவி எதையும் கத்திச் சொல்கிறவள் அல்ல.

"ஏன் பூரணம், நான் மைக்ல பேசி முடிச்சதும் பிள்ள என்கிட்ட என்னமோ சொல்லுது. என்னன்னு தெரியல."

"தெரியலையாக்கும்?"

"பாட்டுல்ல ஓடுது."

"'டி.வி.ல போடாதீங்கப்பா, எங்க ஸ்கூல் பசங்கல்லாம் பாப்பாய்ங்க'ன்னா. நான் பக்கத்துலதான் பூவச் சரி பண்ணிக்கிட்டு நின்னேன். என் கை தெரியும், பாருங்க."

"நீ எனக்கு எடுத்துச் சொல்லியிருக்கலாம்."

"சொன்னேன். 'ஊருக்கே சொல்லியாச்சு, இனி எப்படி மாத்தறது'ன்னீங்க. 'சின்னப்பிள்ளைக்கு என்ன தெரியும்'னீங்க. அப்புறம் படம் வர மூணு வாரம் ஆச்சு. மூணு வாரமும் அவ உங்ககிட்டச் சொன்னா. கடைசில சோத்துத் தட்ட வச்சுட்டு அழுதா. நீங்க பேப்பர் படிச்சீங்க."

இந்த வீட்டில் எனக்கு முன்னால் யாரோ ஒருவர் இவ்வளவு விவரமாகப் பதிவேடு வைத்திருக்கிறார் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று.

"ஸ்கூல்ல அவளுக்கு என்ன பேரு தெரியுமா?" என்றாள் பூரணம். "ஆப்பிள். கிளாஸ்ல போர்டுல ஆப்பிள் வரஞ்சு வெட்டி வெப்பாய்ங்களாம். இவ உள்ள போனதும் பெஞ்சு பெஞ்சா அந்தப் பாட்டப் பாடுவாய்ங்களாம். டியூசன் வாத்தியாரே சிரிச்சாராம்."

"அதனால்தான் மதுரை விடுதிக்கு..."

"பின்ன? படிப்பு ஆசைலயா போனா?"

முப்பது வருடமாக நான் எல்லோரிடமும் படிப்பு ஆசை என்றுதான் சொல்லிவந்திருக்கிறேன். பதின்மூன்று வயதில் தானாக விடுதி கேட்ட பெண் என்று அலுவலகத்தில் சொல்லாத ஆள் கிடையாது. அதன்பின் அவள் இந்த வீட்டில் சேர்ந்தாற்போல ஒரு வாரம் தங்கியதில்லை. வேலை அதிகம் என்று நினைத்திருந்தேன்.

மீதி வெங்காயத்தை நான் உரித்தேன். இதுவரை உரித்ததில்லை. தோல் எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிப்பது எளிதல்ல.

27 மே, செவ்வாய்

பணி இல்லை.

29 மே, வியாழன்

இளங்கோ வந்தான்.

"என்னப்பா, எவ்ளோ முடிஞ்சது? எல்.இ.டி.காரன் கேக்கறான்."

"அக்காவுக்கு இது பிடிக்குமா என்று ஒரு வார்த்தை கேள்."

"கேட்டேன். 'உன் இஷ்டம்'ங்கறா. ஓகேன்னுதானே அர்த்தம்?"

இவன் யாரைக் கொண்டு பிறந்திருக்கிறான் என்று யோசிக்க நெடுநேரம் ஆகவில்லை.

"அவள் வேண்டாம் என்றுதான் சொல்கிறாள்" என்றேன்.

"அதெல்லாம் பொம்பளைங்க அப்படித்தான்ப்பா சொல்லும். சுவத்துல பாத்தா அழுதுரும், சந்தோசத்துல. நீங்க ஏன் திடீர்னு இப்படிப் பேசறீங்க? நீங்கதான கேபிள்லயே போட்டீங்க?"

நியாயமான கேள்வி. நான் இயந்திரத்தின் குறைகளை விளக்கத் தொடங்கினேன். நாளைக்குள் தராவிட்டால் வேறு பிரதி வைத்திருக்கும் யாரிடமாவது வாங்கி மதுரையில் கொடுத்துச் செய்துகொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனான்.

30 மே, வெள்ளி

பிற்பகல் மூன்று மணியளவில் இயந்திரம் முதல் பிரதியைத் தின்றுவிட்டது. சாட்சிகள் யாரும் இல்லை. கணினியில் ஏற்றி வைத்திருந்த ஒரு மணி பன்னிரண்டு நிமிடமும் அதே நேரத்தில் மறைந்துவிட்டது. ஒரு பழைய இயந்திரத்துக்கும் ஒரு புதிய இயந்திரத்துக்கும் இப்படி ஒரு ஒற்றுமை இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

31 மே, சனி

உறைக்குள் இருந்த பட்டியலை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். எல்லாப் பிரதிகளையும் இலவசமாக டிஜிட்டலாக மாற்றித் தருவதாகச் சொன்னேன். இலவசம் என்றதும் யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

வேடசந்தூர், பெரிய மச்சான் வீடு: இரண்டாம் பிரதி, உறை பிரிக்கப்படாமல். முப்பத்தோரு வருடத்தில் ஒரு முறைகூடப் பார்க்கவில்லை. குடும்பத்திலேயே பண்பானவர்கள்.

நத்தம், சித்தப்பா வீடு: மூன்றாம் பிரதி டி.வி. மேசையின் காலுக்கு முட்டுக் கொடுக்கப்பட்டிருந்தது. எடுத்ததும் மேசை ஆடியது. பதிலுக்கு என் பையிலிருந்த பஸ் கால அட்டவணையை மடித்துக் கொடுத்தேன்.

வத்தலக்குண்டு: நான்காம் பிரதி. தரமாட்டேன் என்றார்கள், அதில் செத்துப்போன பெரியம்மா பந்தியில் சாப்பிடுவது வருகிறதாம். அந்த இடத்தை மட்டும் புகைப்படமாக்கிச் சட்டம் போட்டுத் தருவதாக எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். வாக்குத் தவற மாட்டேன். பெரியம்மா அப்பளத்தை உடைக்கும் காட்சி நன்றாகவே வந்திருந்தது.

1 ஜூன், ஞாயிறு

மதுரை, தங்கை வீடு. ஐந்தாம் பிரதியைக் கேட்டதும் தங்கை கொல்லைப்புறம் அழைத்துப் போனாள். நாடாவை முழுவதும் உருவிக் கொய்யா மரத்தில் கிளைக்குக் கிளை கட்டியிருக்கிறாள், காற்றில் பளபளவென்று அடித்துக் கிளி விரட்ட.

"கோவிச்சுக்காதண்ணே. பூசணம் பிடிச்சுக் கெடந்துச்சு."

கோபம் இல்லை என்றேன். இந்த ஒரு மாதத்தில் நான் பார்த்த வடிவமாற்றங்களிலேயே இதுதான் சிறந்தது.

2 ஜூன், திங்கள்

கேபிள் கஜேந்திரனுக்கு இப்போது எழுபத்தைந்து இருக்கும். பால் பூத் வைத்திருக்கிறார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"சார்! உங்க பாப்பா சடங்கு! மறக்க முடியுமா? என்னா ஹிட்டு! சனம் திரும்பத் திரும்பக் கேட்டு மூணு ஞாயித்துக்கெழம போட்டேன்ல?"

"மூன்றா? ஒன்றுதானே சொல்லியிருந்தோம்?"

"நீங்க சொன்னது ஒண்ணு. மத்த ரெண்டும் நம்ம அன்பு."

மாடிக்குப் போய்ச் சாக்கிலிருந்து ஆறாவது பிரதியைத் தேடி எடுத்து, வேட்டியில் துடைத்துக் கொடுத்தார். பாப்பா இப்போது என்ன செய்கிறது என்று கேட்டார். நன்றாக இருக்கிறாள் என்றேன். "நம்ம கேபிள்ல வந்த பிள்ள" என்று பால் வாங்க நின்றவரிடம் சொன்னார். அவருக்கு என்மேல் இருக்கும் மரியாதை குறையவே இல்லை. அதைக் குறைக்க அங்கே எனக்குத் தைரியம் வரவில்லை.

மாலையில் இயந்திரம் மிகுந்த பசியில் இருந்தது.

3 ஜூன், செவ்வாய்

இளங்கோ லூயிஸைக் கையோடு அழைத்து வந்துவிட்டான். வத்தலக்குண்டிலும் வேடசந்தூரிலும் கேட்டிருக்கிறான். எல்லாம் அப்பாவிடம் போய்விட்டது என்றிருக்கிறார்கள். லூயிஸ் மேசைமேல் கிடந்த நாடாக் குவியலைக் கையில் எடுத்துப் பார்த்தார். பிறகு இயந்திரத்தைத் திறந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"சார், மிஷின் தின்னா நாடா கசங்கும். இது ஜாண் ஜாணா நறுக்குன மாதிரில்ல இருக்கு."

"பழைய இயந்திரம்" என்றேன்.

"அஞ்சையுமே ஒரே அளவுல நறுக்கியிருக்கு."

"ஒழுங்கான இயந்திரம்."

லூயிஸ் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். இளங்கோ பக்கம் திரும்பி, "ஆமா தம்பி, இந்த மாடல் அப்படித்தான். ஒண்ணும் செய்ய முடியாது" என்றார். இந்த ஊரில் தொழில் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

"எப்படிப்பா இவ்ளோ அலட்சியமா இருந்தீங்க?" என்று இளங்கோ கத்தினான். "அக்காவோட நெனப்பே போச்சு!"

அலட்சியம் என்ற சொல்லை நான் மறுக்கவில்லை. தேதியில்தான் எனக்கும் அவனுக்கும் கருத்து வேறுபாடு.

8 ஜூன், ஞாயிறு

விழா. ஆதிரை தன் தாயோடு ஒப்பந்தம் போட்டிருக்கிறாள்: மேடையில் அரைமணி நேரம், அதற்குமேல் ஒரு நிமிடம் கிடையாது. தாயும் சொன்ன நேரத்துக்கு எழுந்துவந்து அவளை இறக்கிக் கூட்டிப்போய்விட்டாள். சம்பந்தியம்மாள் முகம் சுளித்ததை இருவரும் பார்க்கவில்லை. பதினாறு அடிச் சுவரில் 'அன்றும் இன்றும்' இருக்க வேண்டிய நேரத்தில் தாய்மாமன் இளங்கோவின் படங்கள் ஓடின. மோட்டார் சைக்கிளில் இளங்கோ, கொடைக்கானலில் இளங்கோ, கண்ணாடி போட்டு, போடாமல்.

பந்திக்கு முன் கை கழுவும் இடத்தில் தேன்மொழி பக்கத்துக் குழாயில் நின்றாள்.

"மிஷின் தின்னுருச்சாமேப்பா."

"ஆமாம்மா."

"ஆறையுமா?"

"அஞ்சு. ஒண்ணு கொய்யா மரத்துல இருக்கு. கிளி மட்டுந்தான் பாக்கும்."

சிரித்தாள். பிறகு குழாயைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அம்மா சொன்னாங்க. நீங்க அந்த எடத்தத் திரும்பத் திரும்பப் போட்டுப் பாத்தீங்களாம்."

கழுவிய கையை மறுபடி கழுவினேன்.

"விடுங்கப்பா. அன்னைக்கு ஒரே பாட்டுச் சத்தமா இருந்திருக்கும். உங்களுக்குக் கேட்டிருக்காது."

காரணத்தை அவளே எழுதி, கையெழுத்துப் போட இடம் விட்டு நீட்டினாள். முப்பத்து நான்கு வருடத்தில் எத்தனையோ பேர் இப்படி நீட்டிய காகிதங்களில் நான் முத்திரை வைத்திருக்கிறேன். தலையை ஆட்டினால் போதும்.

"பாட்டு அப்புறமா ஸ்டுடியோல ஏத்துனதும்மா. மண்டபத்துல பாட்டு இல்ல" என்றேன். "எனக்குக் கேட்டுச்சு."

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவள் கை எப்போதோ சுத்தமாகிவிட்டது.

"தெரியும்ப்பா" என்றாள்.

குழாயை மூடினாள். என்னுடையதையும் மூடினாள். உள்ளே இலை போட்டுவிட்டார்கள் என்று யாரோ கூப்பிட்டார்கள். போனோம். அவள் எனக்கு அடுத்த இலையில் உட்கார்ந்தாள். பாயசம் சுமார்.